விருந்தாளியின் கைக்கு என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி வாக்கில் நண்பர்களை வீட்டுக்கு அழைக்கிறார்கள். காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் ஒன்றாய்ச் சேர்ந்த விருந்து ஒரு மேசையில் இருக்கிறது. பக்கத்து மேசையில் மெழுகு, அச்சுக்கட்டை, வண்ணம், காகிதம், நூல். வந்தவர்கள் சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், ஏதோ ஒன்றைக் கையால் செய்து வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். ‘கிரியேட்டிவ் பிரன்ச்’ என்று பெயர்பெற்றிருக்கும் இந்த விருந்துமுறை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவானது. இப்போது சென்னை, பெங்களூரு அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்துவிட்டது.

இதில் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுப் பிரியும் விருந்தைவிட இது மனிதர்களை நெருக்கமாக்கும் என்பது ஒன்று. கடையில் வாங்கிய பொருளில் கிடைக்காத நிறைவு கையால் செய்த பொருளில் கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டும் பெரிய வாக்குறுதிகள். எப்போது இவை நிறைவேறுகின்றன, எப்போது வெறும் அலங்காரமாக நின்றுவிடுகின்றன என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தம்முடைய ஒரே விடுமுறை நாளை ஒதுக்கிவிட்டு நம் வீட்டுப் படியேறி வருபவருக்கு நாம் என்ன தருகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

பிரன்ச்சுக்காக முதலில் எழுத்தில் வாதாடியவராக அறியப்படுபவர் ஆங்கில எழுத்தாளர் கை பெரிஞ்சர். 1895இல் ‘ஹன்டர்ஸ் வீக்லி’ என்ற ஆங்கில இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அந்நாளைய ஆங்கிலக் குடும்பங்களில் ஞாயிறு என்றால் தேவாலயம் போய்வந்ததும் இறைச்சி மிகுந்த கனத்த சாப்பாடு. அதை விட்டுவிட்டு, நண்பகல் வாக்கில் தேநீர், காபி, மார்மலேட் என்று லேசாகத் தொடங்கி மெல்லக் கனமான பண்டங்களுக்குப் போகலாமே என்பது அவர் யோசனை. சனிக்கிழமை இரவு நேரம் கழித்துப் படுத்தவர்கள் நிம்மதியாக எழுந்திருக்கலாம், இப்படியொரு சாப்பாடு மனிதர்களைப் பேசவைக்கும், கலகலப்பாக்கும் என்றும் சொன்னார்.

அவர் வாதத்தில் பாதி இன்றும் அசையாமல் நிற்கிறது. இரவு விருந்துக்கு வருபவர் ஒரு நாளின் களைப்போடு வருகிறார். கடைசி ரயிலையும் மறுநாள் வேலையையும் நினைத்தபடி சாப்பிடுகிறார். முற்பகலில் வருபவருக்குப் பிற்பகல் முழுவதும் மிச்சமிருக்கிறது. பண்டங்களை வரிசைப்படி பரிமாற வேண்டியதில்லை என்பதால் அரை மணி தாமதமாக வந்தவரும் கூச்சப்பட வேண்டாம். வெளிச்சமோ பகல் வெளிச்சம். ஊசியில் நூல் கோக்கவும் வண்ணத்தின் சாயலைப் பார்க்கவும் அதுதான் வேண்டும். தமிழ்நாட்டில் அலுவலகம் போகிறவர்களின் வீடுகள் பலவற்றில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை காலை 9, 10 மணிக்கே சோறு, குழம்பு, ரசம் என்று முழுச் சாப்பாடு முடிந்துவிடும், பிற்பகலில் டிபன். அந்த வேளையில் வயிறார உண்பது நமக்குப் புதிதே அல்ல. கைவேலையோடு கூடிய விருந்துக்கு இதைவிடப் பொருத்தமான பொழுது கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறு பாதியில் ஓட்டை இருக்கிறது. தாமதமாக எழுந்திருக்கலாம் என்று பெரிஞ்சர் சொன்னது சாப்பிட வருகிறவர்களுக்கு. நண்பகலில் மேசைக்கு வரவேண்டிய முட்டையையும் இறைச்சியையும் சமைத்தவர் எத்தனை மணிக்கு எழுந்தார்? அன்றைய வசதியான ஆங்கில வீடுகளில் சமையற்காரியும் பணிப்பெண்ணும் இருந்ததால் அந்தக் கேள்வி எழாமலே போயிற்று. இன்று அவர்களுடைய இடத்தில் நிற்பவர் விருந்துக்கு அழைத்தவர். பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். விடிவதற்கு முன்பே சமையலறை விளக்கைப் போட்டவர் யார் என்று கேட்காமல் இந்த விருந்தைப் பற்றிச் சொல்லும் எந்தத் தீர்ப்பும் பாதித் தீர்ப்புதான்.

இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாமல் செய்யும் நூல் மார்த்தா ஸ்டூவர்ட்டின் ‘என்டர்டெய்னிங்’. 1982இல் வெளியானது. வீட்டு விருந்தைப் பற்றி அமெரிக்காவில் வந்த புத்தகங்களில் இவ்வளவு செல்வாக்குப் பெற்றவை மிகச் சில. ஸ்டூவர்ட் நியூஜெர்சியின் நட்லி என்ற ஊரில், போலந்து வழிவந்த குடும்பத்தில் வளர்ந்தவர். வால் ஸ்ட்ரீட்டில் பங்குத் தரகராக வேலை பார்த்தார். பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் ஒரு பழைய பண்ணைவீட்டை வாங்கிச் சீர்செய்து, 1976இல் விருந்துச் சமையல் தொழிலில் இறங்கினார். அந்த அனுபவம்தான் நூல். ஒவ்வொரு விருந்துக்கும் உணவுப் பட்டியல், செய்முறை, பூ, தட்டு, மேசை விரிப்பு எல்லாம் வண்ணப் படங்களோடு விரிகின்றன. நள்ளிரவில் 30 பேருக்கு ஆம்லெட் விருந்து கொடுப்பதுகூட அதில் உண்டு.

அவர் செய்த நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டுவேலையைக் கற்றுத் தேறவேண்டிய திறமையாக அவர் மதித்தார். சமைப்பது, தைப்பது, தோட்டம் போடுவது ஆகியவற்றை யாரும் செய்துவிடக்கூடிய ஏனோதானோ காரியங்களாக நினைத்தவர்களுக்கு, அவற்றில் நுட்பம் இருக்கிறது, அளவு இருக்கிறது, அழகுணர்ச்சி இருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினால் சமையல் முடிந்தது என்றிருந்த காலத்தில் இது துணிச்சலான காரியம். 1999 அக்டோபரில் அவருடைய நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்த காலையில் தரகர்களுக்கு அவர் பிரியோஷ் ரொட்டியும் புதிதாகப் பிழிந்த ஆரஞ்சுச் சாறும் பரிமாறினார். வீட்டுச் சமையலறைத் திறமைக்குச் சந்தையின் வாசலில் கிடைத்த மரியாதை அது.

இருந்தும் நூலின் அடிப்படை ஏற்பாடு பழுதுபட்டது. உதவிக்கு ஆட்களை வைத்துக்கொண்டு பெருங்கூட்டங்களுக்குச் சமைத்துப் பழகிய தொழில்முறையாளரின் அளவுகோலை அது ஒரு குடும்பத்தின் அளவுகோலாக முன்வைக்கிறது. அதைவிட முக்கியமான குறை விருந்தாளிக்கு அது கொடுக்கும் இடம். அவர் வந்து சேரும்போது எல்லாம் செய்து முடிக்கப்பட்டிருக்கிறது. ரொட்டி சுட்டாயிற்று, பூ அடுக்கியாயிற்று, விரிப்பில் மடிப்புக்கூட நீவியாயிற்று. பாராட்டுவதைத் தவிர அவர் செய்வதற்கு எதுவும் மீதமில்லை. 2010இல் தொடங்கிய பின்டெரெஸ்ட் தளமும் அதே ஆண்டு வந்த இன்ஸ்டாகிராமும் இந்த ஏற்பாட்டை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்தன. பெயரெழுதிய அட்டைகள், காகிதத் தோரணம், கண்ணாடிக் குடுவையில் செருகிய காட்டுப்பூ, விருந்தாளி எடுத்துப்போகச் சிறு பரிசுப் பை என்று அனைத்தும் முந்தைய இரவே தயார். கைவேலை அங்கே நிறையவே இருக்கிறது. அத்தனையும் ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்தது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து திரும்பும் விருந்தாளி என்ன நினைக்கிறார்? எவ்வளவு அழகு என்று நினைக்கிறார். இதே அளவுக்கு நம்மால் ஒருபோதும் கூப்பிட முடியாது என்றும் நினைக்கிறார். முதல் நினைப்பு மறைந்துவிடும், இரண்டாவது நிற்கும். விருந்து என்பது கொடுத்து வாங்குவது. ஒரு வீட்டில் நடந்தது அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் நடக்க வேண்டும். பதிலுக்கு அழைக்கும் தைரியத்தை விருந்தாளியிடமிருந்து பறித்துவிடும் விருந்து, எத்தனை அழகாக இருந்தாலும், நெருக்கம் என்ற முதல் வாக்குறுதியில் தோற்றுவிட்டது என்றே சொல்வேன்.

இதற்கான மாற்று ஸ்டூவர்ட்டின் பிறந்த வீட்டிலேயே இருந்தது. அவருடைய தாயார் பின்னாளில் மகளின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிப் பியரோகி செய்துகாட்டினார். மாவைத் தேய்த்து, வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்கையோ முட்டைக்கோஸையோ பூரணமாக வைத்து, ஓரத்தை அழுத்தி மூடிக் கொதிநீரில் வேகவைக்கும் போலந்துப் பண்டம் அது. கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்த எந்தக் கைக்கும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். 10, 12 என்று செய்தால் யாருக்கும் காணாது, 100 செய்ய வேண்டும். ஒருவர் தேய்க்க, ஒருவர் பூரணம் வைக்க, இன்னொருவர் மூட என்று பல கைகள் சேர்ந்தால்தான் சலிப்பில்லாமல் முடியும். சீனக் குடும்பங்கள் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் ஜியாவ்ஸி என்ற பூரணப் பண்டத்தைப் பிடிப்பதும் இதே முறையில்தான். விருந்தாளி வருவதற்கு முன்னால் முடிந்துபோன அழகைவிட, விருந்தாளி வந்த பிறகு தொடங்கும் வேலை அதிகம் தரும் என்பதே என் வாதம். அதற்கு வலுவான ஒரு சாட்சியம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

இங்கிலாந்தில், அந்நாளில் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பெக்ஸ்லிஹீத் என்ற இடத்தில் ‘ரெட் ஹவுஸ்’ என்ற செங்கல் வீடு இருக்கிறது. வடிவமைப்புக் கலைஞர் வில்லியம் மாரிஸ் தம் மனைவி ஜேனோடு 1860இல் அதில் குடியேறினார். அதை வடிவமைத்தவர் அவருடைய நண்பர் பிலிப் வெப். வீடு எழுந்துவிட்டது, உள்ளே வைக்கத் தகுந்த நாற்காலியோ திரைச்சீலையோ குவளையோ மாரிஸின் கண்ணுக்குக் கடைகளில் கிடைக்கவில்லை. நாமே செய்துகொள்வோம் என்று முடிவானது. வார இறுதிகளில் நண்பர்கள் லண்டனிலிருந்து ரயிலேறி அபே வுட் நிலையத்தில் இறங்குவார்கள். குதிரை வண்டி காத்திருந்து அழைத்துப்போகும். ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ், அவர் மனைவி ஜார்ஜியானா, இன்னோர் ஓவியரான ரொசெட்டி, அவர் மனைவி எலிசபெத் சிடால் என்று வருகிறவர்கள் எல்லாருமே கையில் தொழில் உள்ளவர்கள். சுவரிலும் மரச்சாமானிலும் படம் எழுதினார்கள். ஜேன் லண்டன் கடையொன்றில் கண்டெடுத்து வந்த நீலக் கம்பளித் துணியில் டெய்சிப் பூக்கள் தைக்கப்பட்டுச் சுவர்த்திரை ஆயிற்று. தோட்டத்து ஆப்பிள்களை ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடினார்கள். சாப்பாட்டு வேளையில் மாரிஸ் கைகளிலும் கக்கத்திலும் ஒயின் புட்டிகளை இடுக்கிக்கொண்டு முகமெல்லாம் மலர்ச்சியாக நிலவறையிலிருந்து ஏறி வருவதை அந்த நண்பர்களில் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த வீட்டின் கூரையில் இருக்கும் ஒரு நுட்பம் இந்தத் திறனாய்வுக்கு மையமானது. சுண்ணப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அலங்கார வடிவத்தின் கோடுகளைச் சிறு துளைகளாகக் குத்திவைத்தார்கள். புள்ளியை ஒருவர் வைத்துக் கொடுத்தால் இழையை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்ற நம் கோலத்து முறைதான். ஓவியப் பயிற்சி இல்லாதவரும் ஏணியில் ஏறித் துளைகளைத் தொடர்ந்து தூரிகையை ஓட்டலாம். கடினமான பகுதியை, அதாவது வடிவத்தைத் தீர்மானிப்பதை, வீட்டுக்காரர் முன்பே முடித்துவிட்டார். மகிழ்ச்சியான பகுதியை விருந்தாளிக்கு விட்டுவைத்தார். எல்லாவற்றையும் முடித்துவைப்பதும் தவறு, எதையும் தயார்செய்யாமல் வெறும் காகிதத்தையும் வண்ணத்தையும் நீட்டி உங்கள் கற்பனையைக் காட்டுங்கள் என்று விருந்தாளியைத் தவிக்கவிடுவதும் தவறு. இரண்டுக்கும் நடுவில் குத்திவைத்த துளைகள் இருக்கின்றன. 2013இல் அந்த வீட்டின் படுக்கையறையில், அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்த சுவரோவியம் வெளிப்பட்டது. ஆதாம், ஏவாள், நோவா முதலிய விவிலிய மாந்தர்கள் பல நண்பர்களின் கைகளால் தீட்டப்பட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் பாணியும் தனித்தனியே தெரிகிறது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் வந்தவர் யார் என்று சொல்லக்கூடிய வீடு அது.

அதற்காக ரெட் ஹவுஸை அப்படியே கொண்டாடிவிட முடியாது. மாரிஸுக்கு ஆண்டுக்கு 900 பவுண்ட் வருமானம் இருந்தது. டெவன் பகுதியின் தாமிரச் சுரங்கத்தில் அவர் தந்தை வாங்கிவைத்த பங்குகள் அதைத் தந்தன. அடுப்படியில் பணியாளர்கள் இருந்தார்கள். பெரிஞ்சரின் யோசனையில் கண்ட ஓட்டையை மாரிஸும் அடைக்கவில்லை. இன்னொரு கணக்கும் பாக்கியிருக்கிறது. அந்த வார இறுதிகளின் உற்சாகத்திலிருந்து 1861இல் ஓர் அலங்காரக் கலை நிறுவனம் பிறந்தது. அதன் பங்குதாரர்கள் ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள். ஜேனும் அவர் தங்கை பெஸ்ஸியும் ஜார்ஜியானாவும் தைத்த தையல் நிறுவனத்தின் வேலையாயிற்று, அவர்கள் யாரும் பங்குதாரர் ஆகவில்லை. சேர்ந்து செய்வது என்பதற்குள்ளேயே யார் வடிவமைப்பவர், யார் உழைப்பவர் என்ற பிரிவினை நுழைந்துவிடும். இன்றைய விருந்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். ஆண்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, பெண்கள் கைவேலை மேசையிலும் சமையலறையிலும் மாறிமாறி நிற்கிறார்கள் என்றால் அங்கே புதிதாக எதுவும் நடக்கவில்லை.

வசதியற்றவர்களிடம் இதே ஏற்பாடு எப்படி இருந்தது? அமெரிக்கக் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டில் பரவியிருந்த மெத்தைப்போர்வைத் தையல் கூட்டத்தைப் பாருங்கள். பழைய துணித் துண்டுகளை இணைத்து மேற்போர்வையைத் தைத்துவைப்பது வீட்டுக்காரியின் வேலை. மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பக்கமும் உட்கார்ந்து தைப்பார்கள். தனியாகச் செய்தால் வாரக்கணக்கில் இழுக்கும் வேலை ஒரு நாளில் முடியும். சிறுமிகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார்கள். மாலையில் ஆண்களும் வந்துசேர, சாப்பாடும் ஆட்டமும் நடக்கும். மாரிஸின் கூரையில் கண்ட அதே தத்துவம்: பாதியை வீட்டுக்காரர் முடித்துவைக்கிறார், மீதியை வந்தவர்கள் முடிக்கிறார்கள். இதில் கூடுதலாக ஒரு பலம் உண்டு. செய்யப்படும் பொருள் அந்த வீட்டுக்கு உண்மையிலேயே தேவை. பனிக்காலத்தில் அதைப் போர்த்திக்கொண்டுதான் குழந்தைகள் தூங்க வேண்டும். வந்தவர்கள் பொழுதுபோக்க வரவில்லை, உதவ வந்தார்கள். உதவ வந்த இடத்தில்தான் மனிதர்கள் தயக்கமின்றி மனம் திறக்கிறார்கள். கை ஒன்றில் ஈடுபட்டிருக்கும்போது எதிரிலிருப்பவர் முகத்தை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மௌனம் விழுந்தாலும் சங்கடமில்லை. கூச்சமுள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் ஒரு விருந்தால் செய்ய முடியாது.

இரண்டாம் வாக்குறுதிக்கு வருவோம். கையால் செய்ததில் நிறைவு உண்டு என்பதற்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. மைக்கேல் நார்ட்டனும் இரு சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தாமே பொருத்திய பெட்டிக்கும் தாமே மடித்த காகித உருவத்துக்கும் மக்கள் கூடுதல் விலை மதித்தார்கள். தங்களுடைய கோணலான மடிப்பைத் தேர்ந்தவர்களின் மடிப்புக்குச் சமமாகவே எண்ணினார்கள். கைவேலை விருந்தை ஆதரிப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வின் இன்னொரு முடிவு நமக்கு அதைவிட முக்கியம். வேலையை முடிக்க முடியாமல் போனவர்களுக்கு அந்தக் கூடுதல் மதிப்பு உண்டாகவில்லை. அரைகுறைப் பொருள் நிறைவைத் தருவதில்லை.

இதை அளவுகோலாக வைத்தால் விருந்துக்கென்று பரிந்துரைக்கப்படும் கைவேலைகளில் பாதி தள்ளுபடி ஆகிவிடும். விருந்து மூன்று மணி நேரம், அதில் சாப்பாடு போகக் கைவேலைக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி. முடிச்சுப்பின்னலில் தொட்டி மாட்டும் உறி அதற்குள் முடியாது, புதியவர்களின் விரல் வலிக்கும். உலரவைக்கும் களிமண் உருவம் காய ஒரு நாளாவது வேண்டும், கையில் எடுத்துப்போகும்போதே உடையும். காஸ்டிக் சோடாவில் செய்யும் சோப்பு பதமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதோடு அந்தக் காரம் சாப்பாடு இருக்கும் அறைக்குள்ளேயே வரக்கூடாது. எபாக்ஸி பிசினும் அப்படியே: அதன் நெடியும் ஒட்டலும் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கத் தகாதவை. ஜிகினாத் தூளை எந்த வடிவிலும் சேர்க்க வேண்டாம். பிளாஸ்டிக்கால் ஆன தளர்ந்த ஜிகினாத் தூளின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து தடுத்திருப்பதற்குக் காரணம் அது மண்ணிலும் நீரிலும் நுண்பிளாஸ்டிக்காகத் தங்கிவிடுவதுதான். தேறுபவை எவை? மரக்கட்டையால் துணிப்பையில் அச்சுப் பதிப்பது முதலில் நிற்கிறது. வடிவம் கட்டையிலேயே இருப்பதால் கை நடுங்கினாலும் பை அழகாக வரும், ஒரு மணியில் உலரும், இஸ்திரி போட்டால் நிலைக்கும். பூத் தொடுப்பது தேறும். பழைய காகிதங்களைத் தைத்துச் சிறு குறிப்பேடு கட்டுவது தேறும். இவை மூன்றும் அன்றே முடிகின்றன, மறுநாள் பயன்படுகின்றன.

இங்கே ஒரு மறுப்பை நியாயமாக எதிர்கொள்ள வேண்டும். வாரம் முழுவதும் உழைத்தவரை ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்கலாமா, நண்பர்கள் சும்மா உட்கார்ந்து பேசினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. நெடுநாள் பழகிய இருவர் சந்திக்கும்போது இடையில் அச்சுக்கட்டை தேவையில்லை, காபி போதும். ஆனால் ஒருவரை ஒருவர் அறியாத எட்டுப் பத்துப் பேர் கூடும்போது, அலுவலக நண்பரும் பக்கத்து வீட்டாரும் உறவினரும் ஒரே அறையில் இருக்கும்போது, பேச்சு தானாகப் பிறப்பதில்லை. சம்பளம், பள்ளி, வீட்டுக்கடன் என்று விசாரணையாகவே முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கூட்டத்துக்குக் கைவேலை மெய்யான உதவி. செய்ய விருப்பமில்லாதவர் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவும் முழு உரிமை வேண்டும். கட்டாயமாக்கிய கணத்தில் விருந்து வகுப்பறையாகிவிடும். நகரங்களில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு உணவும் பயிற்சியும் தரும் பட்டறைகளை நான் இதில் சேர்க்கவில்லை. அவற்றில் நல்லவை உண்டு, திறமையைக் கற்றுத்தருகின்றன. அங்கே போகிறவர் வாடிக்கையாளர். விருந்தாளி என்ற உறவு அங்கே இல்லை.

இனி உணவு. அதிகாலையில் விளக்கைப் போட்டவரை உட்காரவைக்கும் வழி இங்கேதான் இருக்கிறது. மேற்கத்திய பிரன்ச் மேசையின் நட்சத்திரம் எக்ஸ் பெனடிக்ட். வெந்நீரில் உடைத்துவிட்ட முட்டை, அதன்மேல் மஞ்சள்கருவும் வெண்ணெயும் சேர்த்து அடித்த ஹாலண்டேஸ் குழம்பு. சூடு கொஞ்சம் ஏறினால் குழம்பு திரியும், இறங்கினால் உறையும், முட்டையோ ஒவ்வொன்றாகப் பதம் பார்த்து எடுக்க வேண்டியது. வீட்டு விருந்துக்கு இது முற்றிலும் பொருந்தாத பண்டம். நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பது தோசை. விருந்துக்குத் தோசை என்று முடிவெடுத்த வீட்டில் ஒருவர் கல்லருகே நின்றே தீர வேண்டும், அவர் கடைசியாகச் சாப்பிடுவார், ஆறிய சாம்பாரோடு. ஆம்லெட்டும் பணியாரமும் அதே வகை. 30 பேருக்கு ஆம்லெட் என்ற கனவை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

முந்தைய நாளே அடுக்கிவைத்துக் காலையில் அடுப்பில் வேகவிடும் ரொட்டி முட்டைப் பண்டமான ஸ்ட்ராட்டாவையும், ஆறினாலும் ருசி கெடாத ஃபிரிட்டாட்டாவையும் அனுபவமுள்ள அமெரிக்க வீடுகள் விரும்புவதில் பொருள் இருக்கிறது. நம் சமையலில் இட்லி, எலுமிச்சை சேவை, தயிர்சாதம், சுண்டல் ஆகியவை அந்த வேலையைச் செய்யும். வெண்பொங்கல் செய்யாது, அரை மணியில் இறுகிவிடும். மேசையில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவேண்டாம், வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. சென்னையின் கோடைப் பகலுக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும். தேங்காய்ச் சட்னியையும் முட்டை, பால் சேர்ந்தவற்றையும் சிறிது சிறிதாக எடுத்துவைப்பதே சரி. வண்ணம் தொட்ட கை சாப்பாட்டைத் தொடாதிருக்க, முதலில் சாப்பாடு, பிறகு கைவேலை என்று பிரித்துவிடுவது எளிய வழி.

இத்தனையும் எடைபோட்டபின் என் விருப்பம் ஒன்றில் போய் நிற்கிறது: உணவையே கைவேலை ஆக்கிவிடுவது. மாவும் தேங்காய்ப் பூரணமும் காரப் பூரணமும் தயாராக இருக்கட்டும். வந்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கொழுக்கட்டை பிடிக்கட்டும். ஓர் ஈடு வேகப் பத்து நிமிடம், அதற்குள் அடுத்த ஈடு தயார். வாய் பிளந்த கொழுக்கட்டையையும் யாரோ ஒருவர் ஆசையாகவே தின்பார். தேர்ந்த கைகள் சொப்பு வைக்கும், தேறாத கைகள் உருண்டை பிடிக்கும், குழந்தைகள் அம்மணிக் கொழுக்கட்டை உருட்டும், ஆண்களுக்கும் இதில் விலக்கு இல்லை. தனியாகப் பொருள் வாங்க வேண்டாம், வீட்டுக்குப் போனபின் எங்கே வைப்பது என்று தெரியாத அலங்காரப் பொருளும் சேராது. அன்றே முடிகிறது, உண்மையில் தேவைப்படுகிறது, அழைத்தவரும் உட்கார்ந்திருக்கிறார். மாரிஸின் துளைக் கூரையும் அமெரிக்கப் போர்வைச் சட்டமும் சேர்ந்து நிறைவேற்றிய எல்லா நிபந்தனைகளையும் இது ஒரு சல்லடைத் தட்டில் நிறைவேற்றிவிடுகிறது. பெரிஞ்சர் விட்ட ஓட்டையையும் அடைக்கிறது.

ஆகவே தீர்ப்பு இது. கைவேலையோடு கூடிய முற்பகல் விருந்து நல்ல வடிவம், ஆதரிக்கத் தகுந்தது, நேரமும் வெளிச்சமும் அதன் பக்கம் இருக்கின்றன. அழைத்தவர் எல்லாவற்றையும் தனியே செய்துமுடித்துக் காட்சிக்கு வைக்கும் வகை, இன்று மிகப் பரவலாக இருக்கும் வகை, அதன் இரண்டு வாக்குறுதிகளில் ஒன்றையும் காப்பாற்றுவதில்லை. அதைக் கைவிடலாம். ஒன்றரை மணியில் முடியாத கைவேலையையும் வீட்டில் பயனில்லாத கைவேலையையும் அதோடு சேர்த்துக் கைவிடலாம். அடுத்த முறை நீங்கள் அழைக்கும்போது மாவையும் பூரணத்தையும் மட்டும் தயார்செய்து மூடிவையுங்கள், மேசையைத் துடைத்து நாற்காலிகளைப் போடுங்கள், உங்களுக்கும் ஒன்று சேர்த்து. மற்றதை வருகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.